பொருத்தனை 80 சதவீதம் வந்துவிட்டது, வீட்டை விற்றுவிட்டுப் புறப்படலாமா?

கேள்வி: நான், மனைவி, 9 வயது மகள், 4 வயது மகன் என நான்கு பேரும் வெளிநாட்டில் ஒரு கிராமப்புறப் பணித்தளத்துக்கு நான்கு ஆண்டு மிஷனரி ஊழியத்துக்குப் போக இருக்கிறோம். அனுப்பும் மிஷன் சங்கம் சம்பளம் தராது. ஆதரவாளர்களை நாங்களே திரட்ட வேண்டும். மாதத் தேவையில் 80 சதவீதத்துக்குப் பொருத்தனை, அதாவது மாதாமாதம் தருவதாக ஆதரவாளர்கள் கொடுத்த வாக்கு, வந்துள்ளது. அதில் பாதி ஒரே சபையிலிருந்து. அங்கு ஏழு மாதம் வாழப் போதுமான சேமிப்பு கையில் உண்டு. வீட்டுக் கடன் இன்னும் ஐந்து ஆண்டு பாக்கி. வீட்டை விற்றால் மீதி 20 சதவீதத்தைச் சமாளித்துவிடலாம், மூன்று மாதத்தில் புறப்படலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

பதில்: விற்க வேண்டாம். மூன்று மாதத்தில் புறப்படவும் வேண்டாம்.

அங்கே ஒரு மாதம் வாழ ஆகும் செலவை 100 என்று வைத்துக்கொள்வோம். பொருத்தனை 80 என்கிறீர்கள். ஆனால் பொருத்தனை வேறு, கணக்கில் வந்து விழுந்த பணம் வேறு. கூட்டத்தில் மனம் உருகிக் கை தூக்கியவர்களில் சிலரிடமிருந்து இரண்டாம் மாதமே பணம் வராது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேலை போயிருக்கும், வீட்டில் யாராவது படுத்திருப்பார்கள். தொடர்ந்து மூன்று மாதம் அனுப்பியவர்களை மட்டும்தான் நான் கணக்கில் சேர்ப்பேன். ஆகவே 80ஐ 70 என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 30 துண்டு விழுகிறது.

சேமிப்பு 700. டிக்கெட், விசா, தடுப்பூசி, அங்கே குடித்தனம் தொடங்கச் சாமான்கள் என்று புறப்படுவதற்குள் 250 போகும் என்று வையுங்கள். திரும்பி வருவதற்கென்று 300ஐத் தனியே எடுத்து வைக்க வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மிச்சம் 150. மாதம் 30 வீதம் ஐந்து மாதம் ஓடும். நீங்கள் போவதோ 48 மாதத்துக்கு.

இந்த ஓட்டையை வீடு விற்ற பணத்தால் அடைக்கலாம்தான். ஆனால் மாதாமாதம் ஒழுகும் பானைக்கு ஒரே ஒரு முறை வரும் பணத்தை ஊற்றுகிறீர்கள். நான்கு ஆண்டு கழித்துப் பானையும் காலி, வீடும் இல்லை. வாடகைக்கு விடுங்கள். வாடகை தவணைக்குச் சரியாக இருந்தாலே போதும். திரும்பி வரும்போது கடனில் ஓராண்டுதான் பாக்கி இருக்கும். வீடு சில மாதம் காலியாகக் கிடக்கவும் கூடும், அதற்கு இரண்டு தவணையைக் கையிருப்பில் வையுங்கள். வாடகை வாங்க, பழுது பார்க்க, வரி கட்ட ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுங்கள். விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்காதீர்கள், தம்பியாகவே இருந்தாலும்.

ஒரே சபை 40 தருகிறது என்பதுதான் எனக்குப் பெரிய பயம். போதகர் மாறலாம், சபை பிரியலாம், கட்டட நிதி தொடங்கலாம். எந்தக் கையும் மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் தாங்காதபடி ஆட்களைக் கூட்டுங்கள். இலக்கும் 100 அல்ல, 110 ஆக இருக்கட்டும். காணிக்கை வருவது ஒரு நாணயத்தில், செலவு இன்னொன்றில். உங்கள் நாணயம் பத்தில் ஒரு பங்கு சரிந்தாலே 100க்கு 111 தேவைப்படும். ஆறு மாதம் தள்ளிப் போனால் இது முடியக்கூடிய வேலைதான்.

உங்கள் கடிதத்தில் பள்ளிக்கூடம் பற்றி எதுவுமே இல்லை. மகளுக்கு இப்போது 9. திரும்பி வரும்போது 13. கிராமத்தில் ஆரம்பப் பள்ளி இருக்கலாம், அதற்கு மேல் விடுதிப் பள்ளியோ வீட்டிலிருந்தே தொலைதூரக் கல்வியோ வேண்டியிருக்கும். விடுதி என்றால் கட்டணம் மட்டுமல்ல, விடுமுறைக்கு விடுமுறை போக்குவரத்தும் உண்டு. வீட்டில் சொல்லிக் கொடுப்பது மலிவு என்று தோன்றும். அப்போது உங்களில் ஒருவருடைய பாதி நாள் போய்விடும். மூன்றாம் ஆண்டிலிருந்து மாதச் செலவு 100 ஆகவே நிற்காது. அங்கே ஏற்கெனவே இருக்கும் குடும்பத்திடம் உண்மையான தொகையைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, அந்த 300. திரும்பும் பணத்தைச் சேர்த்து வைப்பது அவிசுவாசம் என்று சிலர் நினைக்கிறார்கள். விசுவாசம் உங்கள் துறை, நான் அதில் நுழைய மாட்டேன். எனக்குத் தெரிந்தது டிக்கெட் விலைதான். நான்கு டிக்கெட்டும், ஊர் வந்து வேலை தேடும் மூன்று மாதச் செலவும் சேர்ந்தது அது. நோய், கலவரம், விசா மறுப்பு, பெற்றோரின் மரணம், இவற்றில் எது வந்தாலும் அவசரமாக வாங்கும் டிக்கெட்தான் விலை அதிகம். இந்தப் பணம் இல்லாத குடும்பம் வர வேண்டிய நேரத்தில் வராமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அது ஊழியத்துக்கும் நல்லதல்ல.

காப்பீட்டில் ஒரு தவறு எல்லோரும் செய்வார்கள். சாதாரணப் பயணக் காப்பீடு குறுகிய பயணத்துக்கானது. உங்கள் பழைய மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் சொந்த நாட்டுச் சிகிச்சைக்கு மட்டும்தான். நீண்ட காலம் வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான திட்டத்தை எடுங்கள்; கிராமத்திலிருந்து பெரிய மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவு அதில் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எங்கே போகிறீர்கள் என்று எழுதித் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் ஒரு சின்ன மிச்சம்: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் 2016 முதல் ஆயுள் முழுவதும் செல்லும். முன்பு போட்டிருந்தால் பழைய சான்றிதழைத் தேடி எடுங்கள். புதிதாகப் போட்டால் பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும்.

ஆதரவாளர்கள் தரும் பணத்தைச் சங்கம் உங்களுக்கு அனுப்பும்போது இடையில் உள்ள வங்கியும் கட்டணம் பிடிக்கும். மாதாமாதம் சிறு தொகையாக அனுப்பாமல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அனுப்பச் சொல்லுங்கள். வரியைப் பொறுத்தவரை, பல நாடுகள் 183 நாள் தங்கினாலே உங்களை அந்நாட்டு வரிக் குடியாளராக, அதாவது அங்கே வரி கட்ட வேண்டியவராக, கொள்ளும். சங்கம் அனுப்பும் தொகை வருமானமா நன்கொடையா என்று அவர்களிடமே எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் 'நினைக்கிறேன்' என்றுதான் இருக்கிறது. உங்கள் மனைவி என்ன நினைக்கிறார்? ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி 1793ல் இந்தியாவுக்குக் கப்பலேறும்போது அவர் மனைவி டாரதி முதலில் வர மறுத்தார். கப்பல் தாமதமானதால் கடைசி நேரத்தில்தான் சம்மதித்தார். கொண்டுவந்த பணத்தைக் கையாண்டவர் உடன் வந்த ஜான் தாமஸ். சில மாதங்களிலேயே அது கரைந்தது. பிள்ளைகளோடு இடம் இடமாக அலைந்த பிறகு, 1794ல் அவுரித் தொழிற்சாலை ஒன்றில் மேலாளர் வேலை கிடைத்துத்தான் கேரி குடும்பம் நிமிர்ந்தது. டாரதிக்குப் பின்னாளில் மனநலமே குலைந்தது. அதற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன்.

இந்த வாரம் மனைவியோடு உட்கார்ந்து மேலே உள்ள கணக்கை அவர் கையால் ஒரு முறை போடச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் இருக்கட்டும். திரும்பி வருவதற்கான 300ஐ எடுக்க இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று வங்கியில் எழுதிக் கொடுங்கள்.