என்ன விற்கிறீர்கள்?

அன்புள்ள ஐயா,

மூன்று வருடங்களுக்கு முன் வேலையை விட்டுவிட்டு இணையத்தில் சொந்தத் தொழில் தொடங்கினேன். டிஜிட்டல் பொருட்கள் விற்கிறேன். முதல் வருடம் தட்டுத்தடுமாறி ஓடியது. போன வருடம் பழைய சம்பளத்தைப்போல இரண்டு மடங்கு வந்தது. இந்த வருடம் அதையும் இரட்டிப்பாக்க இலக்கு வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு இலக்கைத் தொட்டால் இரண்டு நாள்தான் சந்தோஷம். மூன்றாம் நாள் அடுத்த எண் மண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ராத்திரி எழுந்து விற்பனை பார்க்கிறேன். ‘வேலைக்குப் போன காலத்தில் சாயங்காலமாவது வீட்டுக்கு வந்தீர்கள்’ என்கிறாள் மனைவி.

ஓர் அளவுக்கு மேல் பணம் மகிழ்ச்சியைக் கூட்டாது என்று ஆய்வில் நிரூபித்திருக்கிறார்களாம். அப்படியானால் நான் ஏன் ஓடுகிறேன்? முதலீட்டாளர் ஒருவர் பேசுகிறார், பணம் வாங்கலாமா? அதிகாலையில் எழுவது, தியானம், நாட்குறிப்பு எல்லாம் பழகினால் சரியாகுமா? லட்சியம், பணம், மகிழ்ச்சி மூன்றையும் எப்படிச் சமநிலையில் வைப்பது?

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

மேலே இருப்பது உங்கள் கடிதத்தின் சுருக்கம். முழுக் கடிதம் நாலு பக்கம். இரண்டாம் முறை படிக்கும்போது பென்சிலை எடுத்துக்கொண்டேன். வருமானம், மாத வளர்ச்சி, இலக்கு, சந்தாதாரர் எண்ணிக்கை என்று எண்கள் வந்த இடங்களை எல்லாம் கோடிட்டேன். முப்பத்தோரு இடம். நீங்கள் விற்கும் பொருளைப் பற்றி எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறீர்கள் தெரியுமா? ஒரே இடம். ‘டிஜிட்டல் பொருட்கள்.’ அது பாடமா, படமா, மென்பொருளா, வாங்குகிறவர் அதை வைத்து என்ன செய்கிறார், ஒன்றும் இல்லை. மூன்று வருடம் தூக்கத்தைக் கொடுத்துச் செய்கிற காரியத்துக்கு உங்களிடம் இரண்டே சொல்தான் இருக்கிறதா? எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பாதி என்மேலேயே வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சின்னக் கேள்விகளை முடித்துவிடலாம். அதிகாலையில் எழுவது உடம்புக்கு ஒத்துவந்தால் செய்யுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து விற்பனை பார்க்கிறவர் ஐந்து மணிக்கும் எழுந்தால் இருக்கிற தூக்கமும் போய்விடும். முதலீட்டாளர் பணம் இப்போது வேண்டாம். வளரும் தொழில்களில் பங்கு வாங்கிப் பணம் போடும் துணிகர முதலீட்டு நிதிகள் பெரும்பாலும் பத்து வருடக் கணக்கில் நடப்பவை. அதற்குள் போட்ட பணம் பல மடங்காகத் திரும்ப வேண்டும். அது அவர்கள் தொழில், அதில் குற்றம் இல்லை. ஆனால் அந்தப் பணத்தை வாங்கியபின் ‘இது போதும்’ என்று முடிவு செய்யும் உரிமை உங்களிடம் மட்டும் இருக்காது. போதும் என்று சொல்ல முடியாமல் ஏற்கெனவே தவிக்கிறவர் அந்த உரிமையையும் கைமாற்றிவிடக் கூடாது.

ஆய்வு விஷயத்தைப் பாதி மட்டும் தெரிந்துவைத்திருக்கிறீர்கள். நிறையப் பேர் அப்படித்தான். 2010-ல் உளவியலாளர் டேனியல் கானமனும் பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டனும் அமெரிக்கர்களிடம் எடுத்த கணக்கில், ஆண்டு வருமானம் சுமார் 75,000 டாலரைத் தாண்டியபின் அன்றாட மகிழ்ச்சி கூடவில்லை என்று வந்தது. நீங்கள் கேள்விப்பட்டது அதுதான். 2021-ல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர் முப்பத்து மூவாயிரம் பேருக்கு மேல் கைபேசி வழியாகப் பல நேரங்களில் ‘இப்போது எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டுப் பார்த்தார். அந்த எல்லைக்கு மேலேயும் மகிழ்ச்சி ஏறிக்கொண்டுதான் போனது. கானமன் 2002-லேயே நோபல் பரிசு பெற்றவர். தான் சொன்னதே சரி என்று சாதித்திருக்கலாம். அவரோ, தன் முடிவை மறுத்தவரோடேயே உட்கார்ந்து, பார்பரா மெல்லர்ஸ் என்ற உளவியலாளரை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு கணக்கையும் மறுபடி பார்த்தார். 2023-ல் மூவரும் சேர்ந்து கட்டுரை எழுதினார்கள். அந்தச் செயலுக்காகவே அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அதன்படி, பெரும்பாலானோருக்குப் பணம் கூடக்கூட மகிழ்ச்சியும் கூடுகிறது. மகிழ்ச்சியில் கடைசி வரிசையில் இருக்கும் ஐந்தில் ஒரு பங்கினருக்குத்தான் ஓர் அளவோடு நின்றுவிடுகிறது. இல்லாமையால் வரும் துன்பத்தைப் பணம் தீர்க்கும், பிரிவையும் இழப்பையும் மனச்சோர்வையும் அதனால் தீர்க்க முடியாது. ஆகவே பணத்தால் பயனில்லை என்று நினைத்துக்கொண்டு ஓடாதீர்கள். பயன் உண்டு, சம்பாதியுங்கள். ஆனால் அந்தக் கணக்கு மடங்குகளில் போகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று இரண்டாகும்போது கிடைத்த ஏற்றம் மறுபடி கிடைக்க இரண்டு நாலாக வேண்டும். அப்புறம் நாலு எட்டாக வேண்டும்.

ராத்திரி எழுந்து பார்ப்பதை மட்டும் லட்சியத்தின் கணக்கில் எழுதாதீர்கள். 1950களில் ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் புறாக்களை வைத்துச் சோதித்தார்கள். எத்தனையாவது கொத்துக்குத் தானியம் விழும் என்று தெரியாதபடி வைத்தபோது புறா ஓயாமல் கொத்தியது. விற்பனைப் பக்கமும் அப்படித்தான். பத்து முறை திறந்தால் ஒன்றும் இருக்காது, பதினோராவது முறை மூன்று ஆர்டர் வந்து நிற்கும். அதன்பின் விரல் சும்மா இருக்காது. அறிவிப்பை அணைத்துவிடுங்கள். நாளைக்கு இல்லை, இதைப் படித்து முடித்ததும். வந்த ஆர்டர் காலையிலும் அங்கேயே இருக்கும்.

சரி, இப்போது என் கதை.

ஒரு காலத்தில் நானும் ஒரு நண்பரும் சேர்ந்து தமிழ் எழுத்துருக்கள் விற்றோம். எழுத்தை வரைவது அவர். இணையதளம், விளம்பரம், கணக்கு எல்லாம் நான். ஒருமுறை மூன்று சுழி ‘ண’வோடு மூன்று வாரம் உட்கார்ந்திருந்தார். எழுத்தைச் சிறிதாக அச்சடித்தால் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை அடைபட்டுப்போகும். மூன்று சுழியா, இரண்டு சுழியா என்று கண் தடுமாறும். அவர் வெள்ளையைக் கொஞ்சம் திறந்துவிடுவார். எழுத்து அகலமாகிப் பக்கத்து எழுத்தை இடிக்கும். மறுபடி ஒடுக்குவார். தாளில் அச்சடித்துக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்ப்பார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். திரும்பப் போய் உட்காருவார்.

நான் பின்னால் நின்றுகொண்டு, ‘இந்த மாசம் இன்னும் நாலு வெளியிட்டாகணும்’ என்பேன். ‘இருங்க, ண இன்னும் சரியாகலை’ என்பார். ‘ண-வை யார் பார்க்கப்போறாங்க?’ என்று கேட்டேன். இந்த வாயால்தான் கேட்டேன்.

விளம்பரத்தைக் கூட்டினோம். விற்பனை இரட்டிப்பானது. முதலில் வந்தவர்கள் எழுத்துரு வேண்டும் என்று தேடி வந்தவர்கள். அவர்களைக் கூட்டிவரச் செலவே இல்லை. அவர்கள் தீர்ந்தபின், எழுத்துருவைப் பற்றி யோசிக்காதவர்களின் கவனத்தை விளம்பர ஏலத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. ஆட்கள் கூடக்கூட ஓர் ஆளுக்கு ஆகும் செலவும் ஏறியது. அப்புறம் பணம் வாங்கித் தரும் சேவைக்குக் கமிஷன், திருப்பிக் கொடுத்தது, வரி. வருடக் கடைசியில் எங்கள் கையில் நின்றது முந்தைய வருடம் நின்ற அதே தொகை. விற்பனை இரட்டித்ததை எல்லோரிடமும் சொன்னேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

நீங்களும் ‘இரண்டு மடங்கு வந்தது’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். வந்தது சரி, நின்றது எவ்வளவு? தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். உங்களுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு சம்பளம் போட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதக் குடும்பச் செலவு தனியாக இருக்கட்டும். வேலையை விட்டுவிட்டுத் தனியாக மூன்று வருடம் தாக்குப்பிடிப்பது சின்ன விஷயம் இல்லை. முதல் வருடத்தின் மாதக் கடைசிகள் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயம்தான் இன்னமும் உங்களை ராத்திரியில் எழுப்புகிறது என்று நினைக்கிறேன். கையிருப்பு இருந்தால் அது கொஞ்சம் அடங்கும்.

நண்பர் ஒருநாள் ‘எனக்கு வேண்டாங்க’ என்றார். சண்டை ஒன்றும் போடவில்லை. கோப்புகளை எல்லாம் என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். இருந்ததை வைத்து இரண்டு வருடம் விற்றேன். அப்புறம் நின்றுபோனது.

போன மாதம் அந்தத் தொழிலின் பழைய மின்னஞ்சல் கணக்கை மூடுவதற்காகத் திறந்தேன். ஒரு பெண்மணியின் கடிதம் கண்ணில் பட்டது. அவருடைய அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டதாம். அம்மா படிப்பதற்காகக் கதைகளைத் தானே தட்டச்சு செய்து, பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கிறாராம். ‘நாலைந்து எழுத்துருவில் முயன்று பார்த்தேன். உங்கள் எழுத்தில்தான் அம்மாவுக்கு ண-வும் ன-வும் குழம்பவில்லை. இப்போது நிறுத்தாமல் படிக்கிறார். இதை வரைந்தவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.’

அதன் கீழே என் பதில் இருந்தது. ‘உங்கள் மேலான கருத்துக்கு நன்றி! அடுத்த முறை வாங்கும்போது 20 சதவீதத் தள்ளுபடி பெற இந்தக் கூப்பனைப் பயன்படுத்துங்கள்.’ எழுதுகிற எல்லோருக்கும் தானாகப் போகும்படி நான் அமைத்துவைத்தது. கடிதத்தை நான் படிக்கவே இல்லை. வணக்கத்தைச் சொல்லவும் இல்லை. தேதியைப் பார்த்தேன். நண்பர் விலகுவதற்கு ஐந்து மாதம் முன்பு வந்திருக்கிறது.

அதே வாரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் பென்சிலை எடுத்தேன்.

நீங்கள் லட்சியம் என்று எழுதிய இடத்தில் எல்லாம் ஓர் எண் இருக்கிறது. எண்ணைத் தொட்டால் அது அங்கேயே முடிந்துபோகிறது, அதனால்தான் மூன்றாம் நாளே இன்னொன்று வேண்டியிருக்கிறது. நண்பருக்கும் பணம் வேண்டியிருந்தது, அவரும் வாடகை கட்டியவர்தான். ஆனால் ண சரியாக வந்த அன்று அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த முகம் எந்த மாதத்தின் விற்பனைக்கும் எனக்கு வந்ததில்லை. நீங்கள் விற்கும் பொருளில் அப்படி மூன்று வாரம் உட்காரவைக்கும் இடம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் நீங்கள் கேட்ட சமநிலையைப் பற்றிப் பேசலாம். இல்லையென்றால் பொருளை மாற்றுங்கள். உங்கள் வயதுக்கு அது ஒன்றும் பெரிய நஷ்டம் இல்லை.

மனைவி சொன்னதை ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். நாலு பக்கத்திலும் உருப்படியான வரி அதுதான். சாயங்காலம் ஒரு நேரம் குறித்துக்கொண்டு, அதற்கு மேல் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, உங்களிடம் வாங்கியவர்கள் எழுதிய மின்னஞ்சல்களை எல்லாம் படியுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் எண்களே வேண்டாம்.

நேற்று நண்பரைக் கூப்பிட்டு அந்தப் பெண்மணியின் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், ‘எந்த அளவுல அச்சடிச்சாங்களாம்?’ என்று கேட்டார். கடிதத்தில் அது இல்லை. அந்தப் பெண்மணிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.