மூன்று மாதம் நன்றாக இருந்தவன் ஏன் மறுபடி போனான்?

மதுரையில் போதை நோயாளிகளைப் பார்க்கும் மனநல மருத்துவர் நான். கொக்கைன் என்ற வெள்ளைப் பொடிப் போதைப்பொருள் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

திருமங்கலத்திலிருந்து ஒரு அக்கா: டாக்டர், என் தம்பி பெங்களூரில் வேலை பார்த்தபோது கொக்கைனுக்குப் பழகிவிட்டான். சிகிச்சை முடிந்து மூன்று மாதம் வீட்டில் தங்கமாக இருந்தான். ரூமைக் காலி பண்ணப் போனவன் அன்று ராத்திரியே எடுத்துவிட்டான். எங்களிடம் நடித்தானா?

நடிக்கவில்லை அம்மா. வீட்டில் ஆசை வரவில்லை என்று அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும்.

தெருமுனையில் கொத்துபரோட்டா தட்டும் சத்தம் கேட்டாலே நமக்கு வாய் ஊறுகிறது, இலை போடும் முன்பே. மூளை ஆய்வாளர் வூல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துச் செய்த ஆய்வில் இதைத்தான் பார்த்தார். டோபமீன் என்பது ‘இது வேண்டும்’ என்ற நாட்டத்தைக் கிளப்பும் மூளை ரசாயனம். ஆரம்பத்தில் சாறு வந்தபோது துடித்த டோபமீன் செல்கள், பழகிய பிறகு சாறு வரப்போவதைச் சொல்லும் அடையாளத்துக்கே துடித்தன. உங்கள் தம்பிக்கு அந்த ரூம் கதவு, மாடிப்படி, பழைய நண்பனின் குரல் எல்லாம் பரோட்டாக் கல் சத்தம்தான். மூளையில் உணர்ச்சியோடு சேர்ந்த நினைவுகளைக் கவனிக்கும் அமிக்டலா அதை அடையாளம் காண்கிறது. மூளையின் முன்பகுதியிலிருந்து நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற நாட்ட மையத்துக்குப் போகும், குளூட்டமேட் என்ற ரசாயனத்தால் இயங்கும் பாதை ‘எழுந்து போய்த் தேடு’ என்று தள்ளுகிறது.

இன்னொன்று, வீட்டார் பலருக்கும் தெரியாதது. நாளாக ஆக ஆசை குறையும் என்றுதானே நினைக்கிறோம்? 2001-ல் வெளியான எலி ஆய்வில் நேர்மாறாக இருந்தது. கொக்கைனை நிறுத்திய மறுநாளைவிட 60-வது நாளில்தான், பழைய அடையாளத்தைக் கண்ட எலிகள், முன்பு கொக்கைன் தந்த நெம்புகோலை அதிகமாக அழுத்தின. அதனால் முதல் வாரத்தைவிட மூன்றாவது மாதத்தில்தான் நான் கூடுதலாகப் பயப்படுவேன்.

என் அறைக்கு வந்த ஒரு தம்பி நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். மேசை ஓரத்தில் குளுக்கோஸ் பொடி கொஞ்சம் சிந்திக் கிடந்தது. கண் அதில் பட்டதும் பேச்சு நின்றுவிட்டது. உள்ளங்கையைப் பேண்ட்டில் துடைத்துத் துடைத்து, “சார், அதை எடுத்துருங்க” என்றார். நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது.

செல்லூர் கல்லூரி மாணவர்: கொக்கைன் மூளைக்குள் என்னதான் செய்கிறது?

நரம்பு செல் வெளியிட்ட டோபமீனைத் திரும்ப உள்ளே இழுக்க ஒரு புரதம் இருக்கிறது. கொக்கைன் அதை அடைத்துவிடும். வாய்க்காலில் மடையை அடைத்தால் தண்ணீர் தேங்குகிற மாதிரி டோபமீன் தேங்கி நிற்கும். சாப்பாடு பழகிப்போனால் அது தரும் டோபமீன் எழுச்சி அடங்கிவிடும், கொக்கைன் அடங்க விடாது.

மேலூர் ஐயா ஒருவர்: இதற்கு மாத்திரை உண்டா?

கொக்கைன் அடிமைத்தனத்துக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் கொடுத்த மருந்து இதுவரை ஒன்றும் இல்லை ஐயா. நன்றாகப் பலன் தருவது, சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வரும் ஒவ்வொரு முறையும் உடனே சிறு பரிசு தரும் முறை. கேட்க எளிதாகத் தெரியும், ஆனால் அதே டோபமீன் பாதைக்கு வேறு வேலை கொடுக்கிறோம். வீட்டிலும் செய்யலாம், கையில் பணமாகத் தராதீர்கள்.

பெயர் சொல்லாதவர்: ஒரே ஒரு தடவை மட்டும் எடுத்தால்?

வேண்டாம் தம்பி. அந்தச் சிறு அளவே தேடலை மறுபடி கிளப்பிவிடும். பேச ஆள் வேண்டுமென்றால் போதை மீட்பு உதவி எண் 14446-க்குக் கூப்பிடுங்கள், கட்டணமில்லை.

திருமங்கலம் அக்கா மறுபடி: ரூமில் பாதிச் சாமான் கிடக்கிறது டாக்டர். இந்தத் தடவை கூட ஆள் வைத்து அவனை அனுப்பலாமா?

அவரை அனுப்பாதீர்கள் அம்மா. நீங்களோ அப்பாவோ போய் எடுத்து வாருங்கள். அப்புறம், பழைய சிம்மை மாற்றிவிட்டு, திங்கட்கிழமையே அவரை பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். போகிற வழியில் திட்டாதீர்கள்.