கோல்ஃப் போட்டியில் பட்டம் வெல்பவரைக் கணிப்பது எப்படி?

பாளையங்கோட்டை நண்பர்கள் குழுவில், தோற்றவர் அல்வா வாங்கித் தர வேண்டும் என்று ஆளுக்கொரு வீரரைச் சொல்கிறீர்கள்; யாரைச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அல்வாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இணையவழிப் பணப் பந்தயத்தை 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடைசெய்துவிட்டது.

வெளிநாட்டுப் பந்தய விகிதத்தைத் தகவலாகப் படிக்கலாம். 20க்கு 1 (ஒரு ரூபாய் கட்டினால் 20 ரூபாய் லாபம்) என்றால் வெல்லும் வாய்ப்பு 21இல் 1, ஏறக்குறைய 4.8 சதவீதம். எல்லா வீரர்களுக்கும் இப்படிக் கணக்கிட்டுக் கூட்டினால் நூறைத் தாண்டும்; அந்த மிச்சம் பந்தயம் நடத்தும் நிறுவனத்தின் லாபம். பிரபலமான பெயர்களுக்கு விகிதம் பெரும்பாலும் கஞ்சத்தனமாகவே இருக்கும்.

போன வாரம் பந்தைக் குழியில் தள்ளுவதில் அசத்தியவரை நம்பாதீர்கள். அந்தத் திறமை வாரத்துக்கு வாரம் மாறும். தூரத்திலிருந்து குழியருகே பந்தைக் கொண்டுசேர்ப்பவரே என் தேர்வு.

மைதானமும் முக்கியம். மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டி ஆண்டுதோறும் அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தில்தான்; அங்கே ஆடிய அனுபவம் உதவும். 1979இல் ஃபஸ்ஸி ஸோல்லருக்குப் பின் அறிமுக வீரர் எவரும் அங்கே வென்றதில்லை. பிரிட்டனின் ஓபன் போட்டி கடலோரத்தில் நடப்பது. பணகுடிக் காற்றாலைகளை ஆடி மாதத்தில் பார்த்தவருக்குக் காற்றைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. முதல் இரு நாள்களில் பாதிப் பேர் காலையிலும் பாதிப் பேர் பிற்பகலிலும் தொடங்குவார்கள்; காற்று ஒரு பாதியினரை மட்டும் வாட்டலாம். ஆகவே நேரப்பட்டியலும் வானிலை அறிக்கையும் வந்த பிறகே பெயரைச் சொல்லுங்கள்.