அ²-ஐ அப்படி அடிக்கக் கூடாது, தம்பி

பத்தாம் வகுப்புத் தங்கச்சிக்குச் சொல்லிக்கொடுக்கையில் (அ² − 9)/(அ² + அ − 12) என்ற கணக்கில் மேலும் கீழும் அ²-ஐ அடித்தேன், விடை தப்பாக வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடிக்காரர் என்பதால் உங்கள் வீட்டுத் தரையையே பாருங்கள். ஆத்தங்குடிக் கல்லில் பூவை மட்டும் பெயர்க்க முடியுமா? முழுக் கல்லாகத்தான் எடுக்கலாம். அதே மாதிரி, கூட்டல் கழித்தலில் ஒட்டிக்கிடக்கும் உறுப்பை அடிக்க முடியாது. முழுக் கோவையையும் பெருக்கும் காரணியைத்தான் அடிக்கலாம்.

மேலே உள்ள தொகுதி சுலபம்: (அ + 3)(அ − 3). கீழே உள்ள பகுதியில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். பெருக்கினால் −12, கூட்டினால் +1 வரும் இரண்டு எண்கள் வேண்டும். 6, −2 போட்டால் கூட்டல் 4 ஆகிவிடும். 4, −3 சரி. ஆக (அ + 4)(அ − 3).

இப்போது (அ − 3) இரண்டு பக்கமும் முழுசாக நிற்கிறது, தாராளமாக அடியுங்கள். விடை (அ + 3)/(அ + 4).

நம்பிக்கை வராவிட்டால் அ = 5 போடுங்கள். பழைய கோவை 16/18, அதாவது 8/9, புதியதும் 8/9. நீங்கள் அடித்ததில் −9/(அ − 12), அதாவது 9/7 வரும்!

ஒன்று, அடித்துவிட்டோம் என்று 3-ஐ மறந்துவிடாதீர்கள். விலக்கப்பட்ட மதிப்பு, அதாவது பழைய கோவையின் பகுதியைப் பூஜ்ஜியமாக்கும் அ-வின் மதிப்பு, கேட்டால் 3, −4 இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.