தாத்தா கேசினோவில் இருந்தாரா?

அன்புள்ள ஐயா,

என் அம்மாவின் அப்பா இரண்டாம் உலகப்போரில் இத்தாலிக்குப் போனவர். டிஸ்சார்ஜ் தாளில் ‘மெட்ராஸ் சாப்பர்ஸ்’ என்றும், ஓரத்தில் ‘4 இந்தியன் டிவ்’ என்றும் இருக்கிறது. கேசினோவில் (பெரிய சண்டை நடந்த இத்தாலிய ஊர்) இருந்தேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். நான் தேடிப் பார்த்ததில் அந்த 4-ஆவது இந்திய டிவிஷனில் கூர்க்கா, பஞ்சாபி, ராஜபுதனப் படைகள்தான் இருந்திருக்கின்றன, மெட்ராஸ் பேரே இல்லை. தாத்தா சும்மா அளந்துவிட்டார் என்கிறார் மாமா. உண்மை என்ன?

ம., ஆற்காடு

அன்புள்ள ம.,

மாமா அவசரப்பட்டுவிட்டார்.

நீங்கள் பார்த்தது காலாட்படைப் பட்டியல். ஒரு டிவிஷனில் மூன்று பிரிகேடு, பிரிகேடுக்கு மூன்று பட்டாலியன், பட்டாலியனுக்குச் சுமார் 800 பேர். கூட்டினால் ஏழாயிரத்துச் சொச்சம்தான் வரும். ஆனால் கணக்குப்படி ஒரு டிவிஷனுக்கு ஏறக்குறைய 17,000 பேர். மிச்சப் பேர் பீரங்கி, சிக்னல், ஆம்புலன்ஸ், கோவேறு கழுதை, அப்புறம் சாப்பர், அதாவது பாலம், பாதை, கண்ணிவெடி வேலை பார்க்கும் பொறியியல் படை. (‘இந்தியன்’ டிவிஷன் என்றாலும் பிரிகேடுக்கு ஒரு பிரிட்டிஷ் பட்டாலியன் இருக்கும். கேசினோவில் ராயல் சசெக்ஸ் அப்படி இருந்ததுதான்.)

மெட்ராஸ் காலாட்படை ஏன் இல்லை என்பது தனிக் கதை. தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்ற எண்ணம் ராபர்ட்ஸ் போன்ற தளபதிகளுக்கு 1880-களிலேயே வலுவாக இருந்தது. ஒவ்வொன்றாகக் கலைத்து, 1928-க்குள் மெட்ராஸ் ரெஜிமெண்டையே மூடிவிட்டார்கள். இரண்டாம் போரில் ஆள் பஞ்சம் வந்த பிறகுதான் அதற்கு மறுபடி உயிர் வந்தது. ஆனால் பெங்களூரில் இருந்த சாப்பர்களின் மேல் மட்டும் கை வைக்கவில்லை. பாலம் கட்டவும் பாதை போடவும் ‘தம்பி’கள் வேண்டுமே! ராணுவத்தில் அவர்களுக்கு இன்றும் அந்தப் பேர்தான்.

4-ஆவது டிவிஷனில் மெட்ராஸ் சாப்பர்களின் 12-ஆவது ஃபீல்டு கம்பெனியும் 11-ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனியும் இருந்தன. 1944 பிப்ரவரியில் டிவிஷன் கேசினோ மலையில் ஏறியபோது மேலே போக இருந்தது ஒரு கழுதைப் பாதை. அதை டாங்கி போகிற அளவுக்கு வெட்டி அகலப்படுத்தியவர்கள் இந்த டிவிஷனின் சாப்பர்களும் நியூசிலாந்துக்காரர்களும். கேவண்டிஷ் ரோடு என்று பேர். மார்ச் 19-ஆம் தேதி டாங்கிகள் அதில் ஏறிப் போய் ஜெர்மானியர்களைத் திகைக்க வைத்தன. கூடவே காலாட்படையை அனுப்பாததால் எல்லாம் வீணாயிற்று. பாதை போட்டவன் மேல் தப்பில்லை.

இன்னொரு சம்பவம். கேசினோவுக்குத் தெற்கே மிக்னானோ. பிப்ரவரி 24. கண்ணிவெடி எடுக்கும் வேலை. டிடெக்டர்காரர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடி அடியாக நகர்வார், மற்றவர்கள் பின்னால் வருவார்கள். அன்று ஒரு வெடி கிளம்பிவிட்டது. முழுதாக வெடிக்கச் சில விநாடிதான். குழுவுக்குத் தலைமை தாங்கிய சுபேதார் சுப்பிரமணியன் அதன் மேல் விழுந்து படுத்துவிட்டார். கூட வந்தவர்கள் பிழைத்தார்கள், அவர் பிழைக்கவில்லை. காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், 11-ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனி. அந்தப் போரில் காட்டிய வீரத்துக்காக ஜார்ஜ் கிராஸ் (பிரிட்டனின் உயரிய வீரப் பதக்கங்களில் ஒன்று) பெற்ற முதல் இந்தியர் அவர்தான். நம் ஊர்ப் பக்கம் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

ஆக, டிவிஷன் நம்பரை வைத்து ஆளைத் தேடாதீர்கள். ஒரு சிப்பாய்க்கு அது அவனை அனுப்பிய இடம், அவ்வளவுதான். அவன் தின்றது, தூங்கியது, செத்தது எல்லாம் கம்பெனியோடு. டிஸ்சார்ஜ் தாளில் ‘எஃப்டி கோய்’ (ஃபீல்டு கம்பெனி) அல்லது ‘எஃப்டி பிகே கோய்’ (ஃபீல்டு பார்க் கம்பெனி) என்று கிறுக்கியிருக்கிறதா, முன்னால் 12 அல்லது 11 இருக்கிறதா என்று பாருங்கள். தேதியையும் பாருங்கள். 1944 பிப்ரவரி, மார்ச்சில் அவர் ஆஸ்பத்திரியிலோ லீவிலோ இருந்திருந்தால் கதை வேறு.

மடிப்பில் கிழியாமல் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். அதுவரை மாமாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.