அம்பத்தூர் பட்டறைக்காரர் பேராசிரியரை எப்படிப் பிடிக்கிறது?

கேள்வி: அப்பா ஆரம்பிச்ச அலுமினியம் டை காஸ்டிங் யூனிட்டை (உருக்கின அலுமினியத்தை டைங்கற அச்சுல அடிச்சு வார்க்கற பட்டறை) அம்பத்தூர் எஸ்டேட்ல நான்தான் இப்ப பாத்துக்கறேன். பம்ப் ஹவுசிங் ஒண்ணு லீக் டெஸ்ட்ல ஃபெயிலாகிட்டே இருக்கு. பெரிய காலேஜ் யார்கிட்டயாவது போகலாம்னா எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல, நம்மள மாதிரி சின்ன ஆளை மதிப்பாங்களா? பேட்டன்ட்லாம் அவங்களே எடுத்துக்குவாங்கன்னு வேற பயமுறுத்துறாங்க.

பதில்:

தம்பி, மதிப்பாங்க. ஆனா நீங்க "ஒரு எம்.ஓ.யூ (புரிந்துணர்வு ஒப்பந்தம்) போடலாம் சார்"னு ஆரம்பிக்காதீங்க. நானே ஒரு யூனிட்டுக்காக ஒரு காலேஜ்ல எம்.ஓ.யூ போட வச்சிருக்கேன், சால்வை, போட்டோ, காபி எல்லாம் ஆச்சு, அப்புறம் ரெண்டு வருஷம் அந்தப் பேப்பர் ஃபைல்லயே தூங்குச்சு. பேராசிரியருக்குப் புரியறது எம்.ஓ.யூ இல்ல, பிரச்சினை. அதுவும் குறுகலான பிரச்சினையா இருக்கணும். "ரிஜெக்ஷன் ஜாஸ்தி"ன்னா அவரால ஒண்ணும் பண்ண முடியாது, "இந்த ஹவுசிங்ல இந்த மூலையில மட்டும் லீக் ஆகுது, நைட் ஷிப்ட்ல அதிகம்"னு சொல்லுங்க, உடனே நிமிர்ந்து உக்காருவார்.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, ஃபெயிலான பீஸை அந்த எடத்துல வெட்டி, பாலிஷ் போட்டு மைக்ரோஸ்கோப்ல பாக்க வைங்க. ஓட்டை உருண்டையா வழவழன்னு இருந்தா காத்து மாட்டிக்கிட்டது, இல்ல உருக்கின அலுமினியத்துல ஹைட்ரஜன், இல்ல டைல அடிக்கிற ஸ்ப்ரே அதிகம், இந்த மாதிரி. கிழிஞ்ச மாதிரி ஒழுங்கில்லாம இருந்தா சுருக்கத்தால வந்தது, தடிமனான எடத்துல கடைசியா உறையும்போது மெட்டல் பத்தாம போயிருக்கு. ரெண்டுக்கும் வைத்தியம் வேற, பாக்க வேண்டிய ஆளும் வேற. மெட்டலை உருக்கறது சம்பந்தப்பட்டதுன்னா மெட்டலர்ஜிக்காரர், கேட்டிங்கை (மெட்டல் அச்சுக்குள்ள போற வழியை) மாத்தணும்னா கம்ப்யூட்டர்ல சிமுலேஷன் பண்ற மேனுஃபாக்சரிங் டிபார்ட்மென்ட். இதை விட்டுட்டு நேரா சிமுலேஷனுக்குக் காசு கட்டுனவங்கள நான் நிறைய பாத்துட்டேன்.

எங்க போறது? அண்ணா யுனிவர்சிட்டில தொழில்நுட்ப மேம்பாட்டுக்கும் கைமாற்றத்துக்கும்னு தனி மையமே இருக்கு, ஐஐடி மெட்ராஸ்ல கன்சல்டன்சி, ஸ்பான்சர்ட் ப்ராஜெக்ட் ரெண்டுக்கும் ஐ.சி அண்ட் எஸ்.ஆர்னு ஒரு ஆஃபீஸ். தரமணி ரிசர்ச் பார்க் பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க, மின்சார ஸ்கூட்டர் பண்ற ஏத்தர், ராக்கெட் பண்ற அக்னிகுல் எல்லாம் ஐஐடில இன்குபேட் ஆனவங்க, அதாவது அங்க ஆதரவு வாங்கி வளந்தவங்க, அக்னிகுல் 2024 மே 30ல ஒரே துண்டா 3டி பிரின்ட் பண்ண எஞ்சினோட ராக்கெட்டே விட்டாங்க. ஆனா பார்க் அங்க எடம் எடுத்து ஆராய்ச்சி பண்ற கம்பெனிக்கானது, நமக்கு இப்ப வேண்டியது லீக் நிக்கறது.

மொதல்ல டெஸ்டிங் வேலையா குடுங்க, ரிப்போர்ட் வரட்டும், ஆளு எப்படின்னு தெரிஞ்சுடும். அப்புறம் சின்ன கன்சல்டன்சி, அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேத்து கணக்கு போடுங்க. ஃபைனல் இயர் பசங்கள விட்டா செலவு கம்மி, ஆனா அவங்க ப்ராஜெக்ட் கடைசி செமஸ்டர்ல, ஜனவரி வாக்குல ஆரம்பிக்கும், நீங்க பிப்ரவரில போய் நின்னா டாபிக் எல்லாம் முடிஞ்சிருக்கும், அக்டோபர் நவம்பர்லயே போய்ப் பேசிடுங்க. இன்னொண்ணு, ஈக்காட்டுத்தாங்கல் ஈ.டி.ஐ.ஐல (தொழில்முனைவோருக்கான தமிழக அரசு நிறுவனம்) புத்தாக்க வவுச்சர்னு ஒரு உதவித்தொகை ஸ்கீம், 2 லட்சம் வரைக்கும் ஒண்ணு, 5 லட்சம் வரைக்கும் ஒண்ணு, இப்ப அப்ளிகேஷன் வாங்குறாங்களான்னு நேர்ல கேளுங்க.

பேட்டன்ட் பயத்துக்கு வருவோம். யாருக்கு எவ்வளவுன்னு மொதல்லயே அக்ரிமென்ட்ல எழுதிட்டா யாரும் புடுங்கிக்க முடியாது, நீங்க எழுதாம விட்டா குழப்பம்தான் வரும். ரெண்டு பேர் பேர்லயும் பேட்டன்ட் இருந்தா, நம்ம சட்டப்படி (1970 சட்டம், பிரிவு 50) வேற மாதிரி எழுதிக்காத வரைக்கும் ஆளாளுக்குத் தன் சொந்த உபயோகத்துக்கு வச்சுக்கலாம், மத்தவருக்குக் கணக்கு சொல்ல வேண்டாம், ஆனா மூணாவது ஆளுக்கு லைசென்ஸ் குடுக்கணும்னா இன்னொருத்தர் சம்மதம் வேணும். நீங்க உங்க பட்டறைல காஸ்டிங் அடிக்கத்தான போறீங்க, பெரும்பாலும் இதுவே போதும்.

உண்மையான ஆபத்து வேற எடத்துல இருக்கு. பையன் தீசிஸ் எழுதுவான், பேராசிரியர் கான்ஃபரன்ஸ்ல பேப்பர் வாசிப்பார், அது அவங்க பொழப்பு, தப்பு சொல்ல முடியாது. ஆனா ஃபைல் பண்றதுக்கு முன்னாடி அது வெளிய வந்துட்டா, புதுசு இல்லன்னு அப்ளிகேஷன் அடிபடும். அதனால "வெளியிடறதுக்கு முன்னாடி எங்களுக்குக் காட்டணும்"னு ஒரு வரி அக்ரிமென்ட்ல போடுங்க. அவசரம்னா ப்ரொவிஷனல் (முதற்கட்ட அப்ளிகேஷன்) ஃபைல் பண்ணிட்டு 12 மாசத்துக்குள்ள முழுசா குடுக்கலாம், பேட்டன்ட் ஆஃபீஸ் கிண்டிலதான் இருக்கு.

போகும்போது வெறுங்கையோட போகாதீங்க. ஃபெயிலான பீஸ் நாலு, பாஸான பீஸ் ரெண்டு, எந்தத் தேதி, எந்த ஷிப்ட், எந்தத் தடவை உருக்கின மெட்டல்னு மார்க்கர்ல எழுதி ஒரு பையில போட்டுக்குங்க, பவர்பாயின்ட்லாம் வேண்டாம்.