நிலத்தை விற்காதீர்கள், அவள் நோட்டைத் திறந்து பாருங்கள்

ஐயா, நேற்று நீங்களும் அம்மாவும் மகளை அழைத்துக்கொண்டு வந்து ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டுப் போனீர்கள். இரண்டு முறை நீட் எழுதியும் அரசு இடம் கிடைக்கவில்லை, சொந்தபந்தங்கள் முகத்தில் விழிக்க முடியவில்லை என்று அம்மா கண் கலங்கினார். நானும் ஆறுதல் சொன்னேன். அது போதும். ரோட்டோர நிலத்தை விற்று, ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் கட்டி, நிர்வாக ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடலாம் என்று உங்கள் மைத்துனர் சொன்னாராமே. அதற்கு என் பதில்: கூடாது.

கட்டணமே ஒரு கோடியை நெருங்கும். அதன்பின் மேற்படிப்புக்கு இன்னொரு நுழைவுத்தேர்வு, இன்னொரு செலவு. பிளஸ் ஒன் படிக்கும் மகனின் பங்கும் அந்த நிலத்தில்தான் இருக்கிறது. யோசனை சொன்ன மைத்துனர் ஒரு தவணையாவது கட்டுவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

பணத்தைவிட என்னை உறுத்தியது வேறு. நாம் பேசி முடிக்கும்வரை அவள் வாய் திறக்கவே இல்லை. நீங்கள் தொலைபேசியில் பேச வெளியே போனபோது, "உனக்கு எதும்மா பிடிக்கும்?" என்றேன். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். அதில் இப்படி ஒரு கேள்வி: "வைரஸை எதிர்க்க வேண்டிய செல்லே அதற்கு ஏன் உதவுகிறது?" நாற்பது பக்கம் எழுதியிருக்கிறாள், ஐயா. மருத்துவமனையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நம் மரபணுத் தொகுப்பில் புரதம் செய்யும் குறிப்பு ஏறத்தாழ 2 விழுக்காடுதான். மீதியிலிருந்தும் ஏராளமான ஆர்என்ஏக்கள், அதாவது மரபணுக் குறிப்பின் நகல்கள், உருவாகின்றன. அவை புரதமாக மாறுவதில்லை. அவற்றில் மிகச் சிறிய வகைகளில் ஒன்று மைக்ரோ ஆர்என்ஏ, சுமார் 22 மரபெழுத்து நீளம். எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யலாம் என்பதை அது அடக்கி ஆள்கிறது. இதைக் கண்டறிந்த விக்டர் அம்புரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. நோய் எதிர்ப்பு எச்சரிக்கை அளவுமீறிப் போகாமல் அமர்த்துவது மைஆர்-146ஏ என்ற மைக்ரோ ஆர்என்ஏ. கல்லீரலில் நிறைந்திருப்பது மைஆர்-122. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ், தன் மரபுப்பொருளான ஆர்என்ஏவின் தொடக்கத்தில் இரண்டு இடங்களில் இந்த மைஆர்-122ஐ ஒட்டவைத்துக்கொள்கிறது. வைரஸின் ஆர்என்ஏவை அரித்துவிடும் நொதிகளிடமிருந்து அதுவே கவசமாகிறது. வழக்கமாக அடக்குவது இங்கே காப்பாற்றுகிறது! மைஆர்-122 இந்த வைரஸுக்கு உதவுகிறது என்பதை 2005இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வகம் வெளியிட்டது. மைஆர்-122ஐப் பூட்டிவைக்கும் மிராவிர்சென் என்ற மருந்தை 36 நோயாளிகளிடம் சோதித்தார்கள். வைரஸின் அளவு குறைந்ததை 2013இல் அறிவித்தார்கள். வைரஸை நேரடியாகத் தாக்கும் மாத்திரைகள் முந்திக்கொண்டதால் அது கடைக்கு வரவில்லை. ஆனாலும், நம் உடலின் ஆர்என்ஏவைத் தொட்டே வைரஸை மடக்கலாம் என்பது தெரிந்துவிட்டது. உங்கள் மகள் கேட்டிருப்பது இதைத்தான், யாரும் சொல்லிக்கொடுக்காமல்.

இதற்கு வழி இருக்கிறது. பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி., உயிரிவேதியியலோ நுண்ணுயிரியலோ. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடியும். மூன்றாம் ஆண்டில் ஜாம் தேர்வு, அதாவது எம்.எஸ்சி. சேர்வதற்கான அகில இந்திய நுழைவுத்தேர்வு. அதன் உயிரித் தொழில்நுட்பத் தாளில் வேதியியல், இயற்பியல், கணிதம் எல்லாம் பிளஸ் டூ அளவில்தான் வரும். நீட்டுக்கு அவள் படித்த படிப்பில் பெரும்பகுதி வீண்போகாது. ஜாம் மதிப்பெண்ணை வைத்து ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேரலாம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் விண்ணப்பிக்கலாம். எம்.எஸ்சி. முடித்து ஆராய்ச்சி உதவித்தொகைக்கான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் இளநிலை ஆய்வு நிதி பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. 2023 ஜனவரி முதல் இதுதான் தொகை. அதாவது அந்த வயதில் அவள் உங்களிடம் கைநீட்ட வேண்டியிருக்காது.

கூடவே பைத்தான் என்ற கணினி மொழியையும் கற்கட்டும். ஆய்வகங்கள் வெளியிட்ட ஆர்என்ஏ தரவுகள் ஜிஇஓ என்ற பொதுக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மடிக்கணினி இருந்தால் கல்லூரியில் இருக்கும்போதே அவற்றில் கைவைக்கலாம். மருந்து நிறுவனங்களும் மரபணுப் பரிசோதனை நிறுவனங்களும் தேடுவது இந்தத் திறமையைத்தான். பேராசிரியர் பதவி ஒன்றையே நம்பிக் காத்திருக்கத் தேவையில்லை.

கஷ்டத்தையும் மறைக்கவில்லை. நெட் கடினமான தேர்வு. பிஎச்.டி. முடிய ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும். நிரந்தர இடங்கள் குறைவு, முப்பது வயதுவரை பொறுமை வேண்டும். இதையெல்லாம் நேற்றே அவளிடம் சொன்னேன். "தெரியும் சார்" என்றாள். அடுத்த நிமிடமே, டெங்கு வைரஸும் இப்படிச் செய்யுமா என்று கேட்டாள்.

வரும் சனிக்கிழமை அவளை மட்டும் அனுப்புங்கள். ஜாம் பாடத்திட்டத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன். நிலப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.